அல்ஜப்ர்: பாகப்பிரிவினையில் வளர்ந்த கணிதமும் நம் பிள்ளைகளின் தடுமாற்றமும்



ஏழாம் வகுப்பு வரை கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்று வந்த பிள்ளை, எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளில் திடீரெனப் பின்தங்குகின்றது. காரணம் கேட்டால், "எண் இருந்த இடத்தில் எழுத்து வந்துவிட்டது, அதன் பிறகு ஒன்றும் விளங்கவில்லை" என்று சொல்கின்றது. பெற்றோர் பலர் இதை நம்மிடம் கவலையோடு கூறுவதுண்டு. அந்தக் கவலை நியாயமானதே. "கணக்கு எனக்கு வராது" என்று பதினான்கு வயதில் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளும் பிள்ளைக்கு மேற்படிப்பின் பல கதவுகள் அப்போதே மூடிவிடுகின்றன.

தமிழகப் பாடநூல்கள் 'இயற்கணிதம்' என்றும், இலங்கைப் பாடநூல்கள் 'அட்சரகணிதம்' என்றும் அழைக்கும் இந்தப் பாடத்தை உலகின் பல மொழிகள் 'அல்ஜிப்ரா' என்கின்றன. அது ஓர் அரபுச் சொல். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் எழுதப்பட்ட ஒரு நூலின் தலைப்பிலிருந்து வந்தது. இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. அந்நூல் எதற்காக எழுதப்பட்டது, எந்த வரிசையில் கற்பித்தது என்று பார்த்தால், நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதும் அவர்களுக்கு எப்படிக் கைகொடுப்பது என்பதும் தெளிவாகும். அதற்காகவே இக்கட்டுரை.

பக்தாதில் ஒரு நூல்

நூலாசிரியர் முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி (ரஹ்). ஏறத்தாழ கி.பி. 780 முதல் 850 வரை வாழ்ந்தவர். அப்பாஸிய கலீஃபா மஃமூன் (ஆட்சி 813–833) காலத்தில், பக்தாதின் 'பைத்துல் ஹிக்மா' என்னும் அறிவு மன்றத்தில் பணியாற்றியவர். 'அல்ஜப்ர் வல்முகாபலா' கணக்கைப் பற்றிய சுருக்கமான நூல் ஒன்றை அவர் அக்காலத்தில் எழுதினார்.

இத்தகைய கணக்குகளை அவருக்கு முன்னரே பலர் செய்திருந்தனர். பாபிலோனியர் களிமண் பலகைகளில் செய்தனர். கிரேக்கர் செய்தனர். 628ஆம் ஆண்டில் தம் நூலை எழுதிய இந்திய அறிஞர் பிரம்மகுப்தர், குறை எண்களுக்கான விதிகளையும் வகுத்தார். அல்குவாரிஸ்மியின் தனிச்சிறப்பு வேறு. சிதறிக் கிடந்த வழிமுறைகளை ஒழுங்குபடுத்தி, தனக்கெனப் பெயரும் விதிகளும் நிரூபணமும் கொண்ட ஒரு தனிக் கலையாக அவர் அமைத்தார்.

நூலின் நோக்கத்தை அவரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வாணிபம், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு இடைவிடாது தேவைப்படும் கணக்கு எதுவோ, அதில் எளியதும் மிகப் பயனுள்ளதுமானதைத் தருவதே அவர் எண்ணம். நூலின் பெரும் பகுதி மரண சாசனக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. ஒருவர் மரணித்தபின் அவருடைய பிள்ளைகள், மனைவி, பெற்றோர் யாரும் ஏமாந்துவிடாமல் அவரவர் உரிமை அவரவரைச் சேர வேண்டும் என்ற தேவையில் இக்கலை வளர்ந்தது. 'இது வாழ்க்கையில் எங்கே பயன்படப்போகிறது?' என்று கேட்கும் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான்.

எண்ணிலிருந்து தொடங்கிய பாடம்

இந்நூலில் எக்ஸ், ஒய் போன்ற குறியீடுகள் இல்லை. கூட்டல், கழித்தல் அடையாளங்களும் இல்லை. எண்கள்கூடச் சொற்களாலேயே எழுதப்பட்டுள்ளன. ஆசிரியர் முதலில் எண் என்றால் என்ன, அது ஒன்றிலிருந்து எவ்வாறு வளர்கின்றது என்று விளக்குகிறார். அதன் பிறகே தெரியாத அளவுக்கு வருகிறார்.

தெரியாத அளவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஷைஉ', அதாவது 'ஏதோ ஒரு பொருள்'. அதை 'ஜித்ர்', அதாவது வேர் என்றும் அழைத்தனர். அதே அளவை அதனாலேயே பெருக்கிக் கிடைப்பது 'மால்', அதாவது செல்வம். வெறும் எண்களைத் 'திர்ஹம்' என்றே எண்ணினர். திர்ஹம், ஷைஉ, மால் ஆகிய மூன்றும் கடைவீதியில் புழங்கிய சொற்கள். கேட்பவருக்கு அச்சம் தரும் ஒன்றும் அவற்றில் இல்லை.

அடுத்து, தலைப்பில் உள்ள இரு சொற்கள். 'ஜப்ர்' என்றால் குறையை நிறைவாக்குதல். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் அரபியில் இச்சொல்லே வழங்குகின்றது. ஸ்பானிய மொழியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியரை முற்காலத்தில் 'அல்ஜெப்ரிஸ்தா' என்று அழைத்தனர். 'முகாபலா' என்றால் எதிரெதிரே வைத்து ஈடு செய்தல்.

நூலில் உள்ள ஒரு கணக்கைக் கொண்டே முதற்சொல்லை விளங்கிக்கொள்ளலாம். பத்தை இரு கூறாக்க வேண்டும். ஒரு கூறை அதனாலேயே பெருக்கினால் வருவது, இரு கூறுகளையும் ஒன்றோடொன்று பெருக்கி வருவதைப் போல் நான்கு மடங்காக இருக்க வேண்டும். ஒரு கூறு ஷைஉ என்றால் மற்றது பத்தில் ஷைஉ குறைந்தது. ஆகவே 1 மால் என்பது, 40 ஷைஉவில் 4 மால் குறைந்ததற்குச் சமம். வலப்பக்கம் 4 மால் குறைபட்டு நிற்கின்றது. அந்தக் குறையை நிறைவாக்க 4 மாலைச் சேர்க்கிறோம், நீதி பிறழாமல் இடப்பக்கத்திலும் 4 மாலைச் சேர்க்கிறோம். இதுவே ஜப்ர். இப்போது 5 மால் = 40 ஷைஉ. எனவே 1 மால் = 8 ஷைஉ. தன்னாலேயே பெருக்கியதும் எட்டால் பெருக்கியதும் சமமாக இருப்பதால் ஷைஉ 8. மற்ற கூறு 2. சரிபார்ப்போம்: 8 × 8 = 64. 8 × 2 = 16. 16இன் நான்கு மடங்கு 64.

'அந்தப் பக்கம் போனால் கழித்தல் கூட்டலாக மாறும்' என்று இன்று பல பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் மாறுகின்றது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எதுவும் எங்கும் போவதில்லை. இரு பக்கமும் ஒரே அளவைச் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு தந்தை, இரு மகன்கள்

மரண சாசனப் பகுதியின் முதற்கணக்கு மிக எளியது, ஆனால் ஆழமானது. ஒருவர் இரு மகன்களை விட்டு மரணிக்கிறார். தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை உறவினர் அல்லாத ஒருவருக்குச் சாசனம் செய்திருக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். இரு மகன்களில் ஒருவர் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டிருக்கிறார். யாருக்கு எவ்வளவு?

கடன்பட்ட மகனுக்குக் கையில் ஒன்றும் கொடுப்பதில்லை. அவருடைய பங்கு கடனில் கழிக்கப்படும். ஆனால் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான் கழிக்க முடியும். எவ்வளவு கழிக்கப்படுகிறது என்று தெரிந்தால்தான் மொத்தச் சொத்தும் பங்கும் தெரியும். இந்தச் சுழலிலிருந்து விடுபடவே ஷைஉ துணைக்கு வருகின்றது.

கடனிலிருந்து கழியும் அளவு ஷைஉ என்க. சொத்து இப்போது 10 திர்ஹமும் ஒரு ஷைஉவும். அதில் மூன்றில் ஒன்றைச் சாசனத்திற்கு எடுத்தால், மீதி 6⅔ திர்ஹமும் ⅔ ஷைஉவும். இரு மகன்களுக்கும் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் 3⅓ திர்ஹமும் ⅓ ஷைஉவும். கடன்பட்ட மகனின் பங்கே ஷைஉ என்று கொண்டோம். ஆகவே ஷைஉ = 3⅓ + ⅓ ஷைஉ. இரு பக்கமும் ⅓ ஷைஉவை நீக்கினால் ⅔ ஷைஉ = 3⅓. எனவே ஷைஉ 5. சொத்து 15 ஆகின்றது. சாசனம் பெற்றவருக்கு 5, ஒரு மகனுக்கு 5, மற்ற மகனுக்கு அவர் கடனிலிருந்து 5. கையிருப்பான 10 திர்ஹம் முதல் இருவருக்கும் சரியாகப் போதுமானது.

இக்கணக்கில் பிள்ளை எங்கே தடுமாறும் என்று எண்ணிப் பாருங்கள். ஷைஉ என்ற கருத்தில் அன்று. 10இல் மூன்றில் ஒன்றை நீக்கினால் 6⅔ என்பதிலும், ⅔இன் பாதி ⅓ என்பதிலும், ஒன்றிலிருந்து ⅓ போனால் ⅔ என்பதிலும்தான். பின்னம் கைவசம் இல்லாத பிள்ளைக்கு இக்கணக்கு முழுவதும் இருட்டு. நமக்குத் தெரிந்தவரை, 'இயற்கணிதம் வரவில்லை' என்று நாம் சொல்லும் பல இடங்களில் முறிவு அதற்கு முந்திய வகுப்பிலேயே நேர்ந்திருக்கின்றது.

பின்னங்களும் ஃபராயிளும்

இதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஸூரா அந்நிஸாவின் 11, 12, 176 ஆகிய வசனங்களில் வாரிசுகளுக்குரிய பங்குகள் விதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் வரும் பின்னங்கள் ஆறு: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. ஃபராயிள் கலையைக் கற்பவர் இந்த ஆறையும் கூட்டவும் கழிக்கவும் பொது எண்ணுக்குக் கொண்டுவரவும் தெரியாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க இயலாது.

'மிம்பரிய்யா' என்னும் புகழ்பெற்ற மஸ்அலாவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு மரணிக்கிறார். மனைவிக்கு 1/8, மகள்களுக்கு 2/3, தாய்க்கு 1/6, தந்தைக்கு 1/6. பொது எண் 24. அதன்படி 3, 16, 4, 4. கூட்டினால் 27 வருகின்றது. சொத்தோ 24 பங்குதான். எனவே பங்குகளின் விகிதம் மாறாமல் மொத்தத்தை 27 கூறாக்கிக் கொடுப்பர். இதற்கு 'அவ்ல்' என்று பெயர். மனைவியின் எட்டில் ஒன்று, 27இல் 3 ஆகி, ஒன்பதில் ஒன்றாகின்றது. அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றிருந்தபோது இக்கேள்வி கேட்கப்பட்டு, அவர்கள் அங்கேயே தயக்கமின்றி விடை சொன்னார்கள் என்று அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர். மீச்சிறு பொது மடங்கு, பின்னக் கூட்டல், விகிதம் ஆகிய மூன்றும் இந்த ஒரே மஸ்அலாவில் அடங்கியுள்ளன.

நம் தமிழிலும் இதற்கு வளமான சொற்கள் இருந்தன. எட்டில் ஒன்று 'அரைக்கால்', அதாவது காலில் பாதி. இருபதில் ஒன்று 'மா'. நாற்பதில் ஒன்று 'அரைமா'. ஸகாத் கொடுக்க வேண்டிய இரண்டரை விழுக்காடு சரியாக ஓர் அரைமாதான். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் இவற்றை வாய்பாடாகவே ஓதினர். நாம் அந்தப் பயிற்சியை விட்டுவிட்டோம். அதன் இடத்தில் வேறொன்றையும் உறுதியாக வைக்கவில்லை.

வடிவத்தால் விளங்கவைத்தல்

அல்குவாரிஸ்மி சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்தார். விதியை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அது ஏன் சரி என்பதைப் படம் வரைந்து காட்டினார். ஒரு மாலும் பத்து ஜித்ரும் சேர்ந்தால் 39 என்பது அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

பக்கம் தெரியாத ஒரு சதுரம் வரைக. அது மால். பத்து ஜித்ரை நான்காகப் பிரித்து, 2½ அகலமுள்ள நான்கு பட்டைகளாகச் சதுரத்தின் நான்கு பக்கமும் ஒட்டுக. மொத்தப் பரப்பு 39. நான்கு மூலைகள் மட்டும் வெற்றிடமாக உள்ளன. ஒவ்வொன்றும் 2½ × 2½, அதாவது 6¼. நான்கும் சேர்ந்து 25. அவற்றை நிரப்பினால் 39 + 25 = 64 பரப்புள்ள முழுச் சதுரம் கிடைக்கின்றது. அதன் பக்கம் 8. இரு புறமும் ஒட்டிய 2½, 2½ஐ நீக்கினால் 3. அதுவே தேடிய ஜித்ர்.

பத்தாம் வகுப்பில் 'வர்க்கப் பூர்த்தி' என்ற பெயரில் பிள்ளைகள் படிப்பது இதையே. காகிதத்தை வெட்டி ஒட்டிக் காட்டினால் பதினைந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

தலைமுறைகள் சேர்த்தவை

அவருக்குப் பின் எகிப்தின் அபூ காமில் இக்கலையை வளர்த்தார். கி.பி. 1000ஐ ஒட்டி பக்தாதில் வாழ்ந்த அல்கரஜி, படங்களைச் சாராமல் எண்களைப் போலவே தெரியாத அளவுகளையும் கூட்டிப் பெருக்கும் முறையை விரிவாக்கினார். அவர் வழியில் வந்த அஸ்ஸமவ்அல், குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் தெளிவான விதிகளைத் தந்தார். அந்நூலை அவர் எழுதியபோது வயது பத்தொன்பது என்பர். உமர் கய்யாம் முப்படிச் சமன்பாடுகளை ஆராய்ந்தார்.

மேற்கே மக்ரிப் நாட்டில் பாடம் நடத்தும் முறையிலும் புதுமைகள் தோன்றின. 12ஆம் நூற்றாண்டில் அல்ஹஸ்ஸார் என்பவரின் நூலில், நாம் இன்று பின்னத்தின் தொகுதிக்கும் பகுதிக்கும் இடையே இடும் கிடைக்கோடு காணப்படுகின்றது. 1204இல் மர்ராகுஷில் மரணித்த இப்னுல் யாஸமீன், மாணவர் மனனம் செய்வதற்காக அல்ஜப்ரின் அடிப்படைகளை ஒரு சிறு செய்யுளாகவே பாடிவைத்தார். 15ஆம் நூற்றாண்டில் அல்கலஸாதி, ஷைஉ, மால் போன்ற சொற்களின் எழுத்துகளைக் குறியீடுகளாகக் கையாண்டார்.

இதற்கிடையே 1145இல் செஸ்டர் ராபர்ட் என்னும் ஆங்கிலேயர் ஸ்பெயினில் அல்குவாரிஸ்மியின் நூலை லத்தீனில் பெயர்த்திருந்தார். இந்திய எண்முறை பற்றிய அவருடைய மற்றொரு நூலும் லத்தீனுக்குச் சென்றது. அவர் பெயரின் லத்தீன் வடிவமே இன்று கணினித் துறையில் வழங்கும் 'அல்கோரிதம்'.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. முதலில் சொல், பிறகு படம், கடைசியாகக் குறியீடு என்பதே வரலாற்றில் நிகழ்ந்த வரிசை. குறியீடு உருப்பெற நூற்றாண்டுகள் பிடித்தன. நாமோ பிள்ளைக்கு முதல் நாளிலேயே குறியீட்டைக் கொடுத்துவிட்டு, ஏன் விளங்கவில்லை என்று கடிந்துகொள்கிறோம்.

இப்னு கல்தூன் சொன்ன முறை

1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் (ரஹ்), கல்வியைக் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது என்ற கருத்தைப் பதிவு செய்கிறார். கணக்கில் தெளிவும் ஒழுங்கான நிரூபணமும் இருப்பதால், சிறு வயதில் அதில் பழகியவரிடம் உண்மை பேசும் இயல்பு வேரூன்றும் என்பது அதன் காரணம். பாடத்தை மும்முறை சுற்றிவர வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். முதற்சுற்றில் அடிப்படை மட்டும், இரண்டாவதில் விளக்கம், மூன்றாவதில் கடினமான இடங்கள். மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்களைப் பொய்யர்களாகவும் சோம்பேறிகளாகவும் ஆக்கிவிடும் என்றும் எச்சரிக்கிறார்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவதாக, முறிவு எங்கே என்று கண்டறிவோம். மூன்று சிறு கேள்விகள் போதும். 1/2 + 1/3 எவ்வளவு? 2/5 என்று பதில் வந்தால் பின்னத்தில் முறிவு. −3 − 5 எவ்வளவு? 8 அல்லது 2 என்றால் குறை எண்ணில் முறிவு. 5 + 3 = ? + 2 என்பதில் விடுபட்ட எண் எது? 8 என்று சொன்னால், சமக்குறியை 'விடை எழுதும் இடம்' என்று பிள்ளை நினைத்திருக்கின்றது, இரு பக்கமும் சமம் என்பதை அறியவில்லை. சரியான விடைகள் 5/6, −8, 6.

இரண்டாவதாக, முறிந்த இடத்திற்கே திரும்பிச் செல்வோம். அது ஐந்தாம் வகுப்புப் பாடமாக இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். ஹிஃப்ளு வகுப்பில் புதிய பாடம் கொடுக்கும் முன் பழைய பாடத்தை ஒப்பிக்கச் சொல்கிறோம். பழையது உறுதியாகாமல் புதியதை ஏற்றினால் இரண்டும் கலைந்துவிடும் என்பதை நாம் அறிவோம். கணிதமும் அப்படியே. நாள்தோறும் இருபது நிமிடம், ஒரே வகைக் கணக்குகள் ஐந்தாறு, தவறாமல் செய்துவந்தால் போதும். குறை எண்ணைக் கடனாகச் சொல்லிக்கொடுங்கள்: மூன்று ரூபாய் கடன் இருக்க, இன்னும் ஐந்து ரூபாய் கடன் வாங்கினால் மொத்தக் கடன் எட்டு.

மூன்றாவதாக, குறியீட்டுக்கு முன் சொல்லால் கூறச் சொல்வோம். 'ஓர் எண்ணை இரண்டால் பெருக்கி மூன்றைச் சேர்த்தேன், பதினொன்று வந்தது' என்று பிள்ளை வாயால் சொல்லட்டும். பின்னர் 'ஓர் எண்' என்ற இடத்தில் எக்ஸ் எழுதட்டும்.

நான்காவதாக, வீட்டுக் கணக்கில் பிள்ளையைச் சேர்ப்போம். 2,40,000 ரூபாய்க்கு ஸகாத் எவ்வளவு? 6,000. இது எண் கணிதம். ஒருவர் கொடுத்த ஸகாத் 7,500 ரூபாய் என்றால் அவருடைய செல்வம் எவ்வளவு? நாற்பதால் பெருக்கினால் 3,00,000. தெரிந்ததைக் கொண்டு தெரியாததைத் தேடிவிட்டோம். இதுவே அல்ஜப்ர்.

ஐந்தாவதாக, விடையைச் சரிபார்க்காமல் கணக்கை முடிக்க விடாதீர்கள். பங்கு பிரித்தவர், பங்குகளைக் கூட்டி மொத்தம் வருகிறதா என்று பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார். கிடைத்த எண்ணைச் சமன்பாட்டில் இட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பிள்ளை ஆசிரியரின் சிவப்பு மையை எதிர்பார்த்திராமல் தன் தவறைத் தானே கண்டுகொள்ளும்.

இவற்றை ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். தனக்குரிய அரைக்கால் பங்கு எவ்வளவு என்று கணக்கிடத் தெரிந்த பெண்ணை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. அநாதைகளின் சொத்தும், கைம்பெண்களின் உரிமையும் கணக்குத் தெரிந்தவர்களின் நேர்மையில்தான் பாதுகாப்பாக இருக்கின்றன.

கணக்கு வராத பிள்ளை என்று எவரையும் ஒதுக்கிவிடாமல், முறிந்த இடத்தைப் பொறுமையோடு தேடிச் சேர்த்துக் கட்டுவோம். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், கற்றதை நீதியோடு பயன்படுத்தும் உள்ளத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.